சங்கிலியில் கட்டிய கரடி பொம்மை... மோதிய வேனையே வாங்கிய எழுத்தாளர்! ரசிகர்களிடம் ஸ்டீபன் கிங் ஏன் இப்படிப் பேசுகிறார்?

ஸ்டீபன் கிங்கின் அலுவலகத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு போலராய்டு போட்டோ வந்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்ட ஒரு டெடி பியர். கூடவே ஒரு மிரட்டல் கடிதம். பத்திரிகைத் தலைப்புகளில் இருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டி, சினிமாவில் கடத்தல்காரர்கள் அனுப்புவார்களே, அதே ஸ்டைல். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ‘தி டார்க் டவர்’ வரிசையின் அடுத்த புத்தகம் உடனே வெளிவர வேண்டும். வராவிட்டால் கரடியின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார்கள். கிங் அதைத் தன் அலுவலகத்தில் மாட்டி வைத்தார். தனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, தன் கதைக்காக இவ்வளவு ஏங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தினமும் நினைவுபடுத்த அது உதவும் என்று பின்னர் அவரே எழுதினார்.

உலகத்தையே பயமுறுத்திச் சம்பாதித்தவர், தன் வாசகர்களிடம் பேசும்போது பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி பேசுவார். புத்தகம் ஏன் லேட், உடம்புக்கு என்ன, மனைவி என்ன திட்டினார், நாய் என்ன சேட்டை செய்தது என எல்லாவற்றையும் நக்கலாகச் சொல்லிவிடுவார். 50 வருடங்களாக இந்த ‘அப்டேட்’ நிற்கவே இல்லை. பார்க்க வெறும் ஜாலி போலத் தெரியும். ஆனால் உள்ளே கனமான ஒரு கேள்வி இருக்கிறது: ஓர் எழுத்தாளர் தன் வாசகருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

யார் இந்த ஸ்டீபன் கிங்?

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1947 செப்டம்பர் 21-ல் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பிறந்தவர். ‘தி ஷைனிங்’, ‘இட்’, ‘மிஸரி’, ‘பெட் செமட்டரி’ எல்லாம் இவருடையவை. ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’, ‘தி கிரீன் மைல்’ படங்களின் மூலக்கதையும் இவருடையதுதான். எழுதிய நாவல்கள் மட்டுமே 60-ஐத் தாண்டும்.

ஆரம்பம் அவ்வளவு பளபளப்பாக இல்லை. பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை. மனைவி டபிதாவோடும் குழந்தைகளோடும் டிரெய்லர் வீட்டில் வாசம். பாதியில் எழுதிக் குப்பைக்கூடையில் வீசிய ‘கேரி’ நாவலின் பக்கங்களை எடுத்துப் படித்து, “இதைத் தொடர்ந்து எழுது” என்று தள்ளிவிட்டவர் டபிதாதான். செலவைக் குறைக்க வீட்டு போனையே துண்டித்திருந்ததால், புத்தகம் ஏற்கப்பட்ட செய்தி தந்தியில் வந்தது. முன்பணம் 2,500 டாலர். பிறகு பேப்பர்பேக் உரிமை மட்டும் 4 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதில் பாதி கிங்குக்கு. அந்தச் செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்கு ஏதாவது வாங்கித் தரலாம் என்று ஓடினால், மருந்துக் கடை மட்டும்தான் திறந்திருந்தது. ஒரு ஹேர் டிரையரோடு திரும்பினார்.

இந்தக் கதைகள் எல்லாம் வெளியே தெரிந்தது எப்படி? அவரே சொன்னதால்தான். கிங்கின் பல புத்தகங்களில் முன்னுரை அல்லது பின்னுரை இருக்கும். அதில் வாசகரை, தன்னை விடாமல் தொடர்ந்து படிக்கும் ஒரு பழைய நண்பராக வைத்து நேரடியாகப் பேசுவார். இன்ஸ்டா ஸ்டோரியும் எக்ஸ் பதிவும் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே அவருடைய ‘ஸ்டேட்டஸ்’ அந்தப் பக்கங்களில்தான் வந்துகொண்டிருந்தது. 1985 முதல் 1989 வரை ‘காசில் ராக்’ என்ற பெயரில் ரசிகர்களுக்கென்றே ஒரு செய்தி மடலும் வந்தது.

தன்னைத்தானே கலாய்ப்பது ஏன்?

தன் எழுத்தைப் பற்றி கிங் முன்பு சொன்ன ஒப்பீடு இன்றும் பிரபலம். இலக்கிய உலகத்தின் பிக் மேக் பர்கர், கூட ஒரு பெரிய ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்! விமர்சகர்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார்.

1977-ல் இருந்து ‘ரிச்சர்ட் பாக்மன்’ என்ற பெயரில் ரகசியமாக நாவல்கள் வெளியிட்டு வந்தார். வாஷிங்டனில் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒருவர் நடையில் சந்தேகப்பட்டு, காப்புரிமை ஆவணங்களைத் தோண்டி, குட்டை உடைத்துவிட்டார். 1985-ல் விஷயம் வெளியே வந்தது. இதற்கு கிங் தரப்பு விளக்கம்? பாக்மன் இறந்துவிட்டார், காரணம் ‘புனைபெயர் புற்றுநோய்’. அதோடு விட்டாரா? 1996-ல் பாக்மனின் மனைவி பழைய பெட்டியில் கண்டெடுத்ததாகச் சொல்லி இன்னொரு ‘பாக்மன்’ நாவலையும் இறக்கினார்.

புகழைப் பற்றிய அவருடைய கதைகளும் இதே ரகம். புளோரிடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வயதான அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டு, பேய்க்கதை எழுதுவதற்காகக் கண்டித்திருக்கிறார். தனக்கு ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ மாதிரி மனதுக்கு இதமான கதைகள்தான் பிடிக்கும் என்றாராம். “அதையும் நான்தான் எழுதினேன்” என்று கிங் சொல்ல, “இல்லை, நீ எழுதவில்லை” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போயே போய்விட்டார். 2007-ல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு புத்தகக் கடைக்குள் சொல்லாமல் நுழைந்து, தன் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ வந்து புத்தகத்தில் கிறுக்கித் தள்ளுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

இந்த எல்லாக் கதைகளிலும் மாட்டிக்கொண்டு முழிப்பவர் கிங்தான். சிரிப்புக்கு ஆளாவது வாசகர் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1999 ஜூன் 19: என்ன நடந்தது?

கிங்கின் நக்கலுக்கு உண்மையான சோதனை வந்த நாள் இது. மெய்ன் மாகாணத்தில் நார்த் லவல் பக்கம், சாலையோரமாக மாலை நடை போய்க்கொண்டிருந்தார். பின்னால் குதித்து குளிர்பெட்டியில் இருந்த இறைச்சியை மோப்பம் பிடித்த தன் நாயை அடக்கத் திரும்பிய ஒரு வேன் டிரைவர், சாலையைக் கவனிக்கவில்லை. வேன் கிங் மீது மோதியது.

நுரையீரல் சுருங்கியது. கால் எலும்பு குறைந்தது ஒன்பது இடத்தில் உடைந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. விலா எலும்புகள் உடைந்தன. தலையில் 20-க்கும் மேல் தையல். காலையே எடுத்துவிட வேண்டி வருமோ என்றுகூட முதலில் மருத்துவர்கள் யோசித்தார்கள்.

அடுத்த வருடம் வெளிவந்த ‘ஆன் ரைட்டிங்’ புத்தகத்தில் இந்த விபத்தை கிங் விவரித்த விதம் தனி. மோதிய டிரைவரைப் பற்றி விசாரிக்க விசாரிக்க, தன் நாவலில் இருந்து எழுந்து வந்த ஒரு பாத்திரம் தன்னையே கொல்லப் பார்த்திருக்கிறது என்று தோன்றியதாக எழுதினார். அந்த வேன் இணையத்தில் ஏலத்துக்குப் போய், காட்சிப்பொருளாகிவிடக் கூடாது என்று, அவருடைய வழக்கறிஞர் மூலம் அதைச் சுமார் 1,500 டாலருக்கு வாங்கவும் செய்தார். குணமானதும் அதைச் சுத்தியலால் அடித்து நொறுக்கப்போவதாக ஜோக் வேறு. கடைசியில் வேன் பழைய வண்டிகளை நசுக்கும் இடத்துக்குப் போனது.

ஆனால் அதே புத்தகத்தில், சிரிப்பே இல்லாத பக்கங்களும் உண்டு. விபத்து நடந்து ஐந்து வாரத்தில் மறுபடி எழுத உட்கார்ந்தார். இடுப்பு வலி தாங்க முடியவில்லை. டபிதா வீட்டின் பின்பக்க நடையில் ஒரு மேசை போட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். முதல் நாள் ஒரு மணி 40 நிமிடம் எழுதினார். எதுவும் மாயம் நடக்கவில்லை, வார்த்தை வார்த்தையாகத் தட்டித் தடுமாறித்தான் நகர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறார். வேன் ஜோக் வாசகரை உள்ளே இழுத்து உட்கார வைக்கும். வலியைப் பற்றிய உண்மை அதற்குப் பிறகு வரும்.

போதைப்பழக்கத்தைப் பற்றிச் சொன்னதும் இதே முறையில்தான். 1981-ல் வந்த ‘கூஜோ’ நாவலை எழுதியது தனக்கு ஞாபகமே இல்லை என்று சொன்னார். கேட்க ஜோக் மாதிரி இருக்கும். குடியும் கொக்கைனும் சேர்ந்து ஒரு முழு நாவலை ஞாபகத்தில் இருந்து அழித்துவிட்டன என்பதுதான் அதன் அர்த்தம். 1980-களின் இறுதியில் டபிதா வீட்டில் கிடந்த பாட்டில்கள், மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு குப்பைப் பையில் அள்ளிவந்து, நண்பர்கள் முன்னிலையில் தரையில் கொட்டியதில் இருந்துதான் அவருடைய மீட்சி தொடங்கியது.

‘தீவிர ரசிகர்’ என்றால் பயமா?

1987-ல் கிங் எழுதிய ‘மிஸரி’ தமிழ் ரசிகர்களுக்கும் தெரிந்த கதைதான். பாலு மகேந்திரா இயக்கி, சரிதா நடித்து 2003-ல் வந்த ‘ஜூலி கணபதி’ படம் ஞாபகம் இருக்கிறதா? அதன் வேர் ‘மிஸரி’யில் இருக்கிறது. விபத்தில் கால் உடைந்த எழுத்தாளர், ஒரு தீவிர ரசிகையின் வீட்டில் மாட்டிக்கொள்கிறார். தனக்குப் பிடித்த மாதிரி கதையை மாற்றி எழுதச் சொல்லி அந்த ரசிகை அவரை வதைக்கிறார். நிஜத்தில் கிங்கின் கால் உடைந்தது அந்த நாவல் வந்து 12 வருடம் கழித்து!

அந்த ரசிகை பாத்திரம் உண்மையில் கொக்கைன்தான், தன்னைக் கட்டிப்போட்டிருந்த போதையைத்தான் அப்படி எழுதினேன் என்று கிங் பின்னர் விளக்கினார். ஆனால் நிஜ ஆபத்தும் வந்தது. 1991-ல் பாங்கோர் நகரில் உள்ள அவருடைய வீட்டுக்குள் ஒருவர் உடைத்துக்கொண்டு நுழைந்தார். ‘மிஸரி’ தன் அத்தையிடம் இருந்து திருடப்பட்ட கதை என்றும், கையில் வெடிகுண்டு இருக்கிறது என்றும் மிரட்டினார். அப்போது வீட்டில் டபிதா தனியாக இருந்தார். தப்பித்து ஓடினார். குண்டு போலி என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகு ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு ரசிகர்களிடம் பேசுவதையே நிறுத்தியிருக்கலாம். கிங் நிறுத்தவில்லை.

கரடி பிழைத்ததா?

‘டார்க் டவர்’ கதையை கிங் எழுதத் தொடங்கியது 1970-ல். முதல் பாகம் புத்தகமாக வந்தது 1982-ல். 1991-ல் வந்த மூன்றாம் பாகம், சரியான இடத்தில் ‘தொடரும்’ போட்டு நின்றது. நான்காவது 1997-ல்தான் வந்தது. ஆறு வருடக் காத்திருப்பு. ஓடிடி சீரியலின் அடுத்த சீசனுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கவே நமக்குப் பொறுமை இல்லை!

அந்தக் காத்திருப்பு காலத்தில் வந்த கடிதங்களில் கரடி மட்டும் இல்லை. புற்றுநோயால் இன்னும் ஒரு வருடம் தாங்குவதே அதிகம் என்ற நிலையில் இருந்த ஒரு பாட்டி எழுதியிருந்தார். தனக்காகச் சீக்கிரம் எழுதச் சொல்லவில்லை. முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கேட்டிருந்தார். மரண தண்டனைக் கைதி ஒருவரும் கிட்டத்தட்ட அதையே கேட்டார். ரகசியத்தைக் கல்லறைக்கே எடுத்துப் போவதாக உறுதி தந்தார். கிங் இருவருக்கும் சொல்லியிருப்பார். பிரச்சினை, முடிவு என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. கதை எங்கே போகிறது என்பதை எழுதித்தான் கண்டுபிடிக்கும் ஆள் அவர்.

1999 விபத்து இந்தக் கணக்கை மாற்றியது. தான் செத்திருந்தால் அந்தக் கதை என்றைக்கும் பாதியிலேயே நின்றிருக்கும் என்பது அவருக்கு உறைத்தது. கடைசி மூன்று பாகங்களும் 2003 நவம்பரில் இருந்து 2004 செப்டம்பருக்குள் அடுத்தடுத்து வந்தன. கடைசிப் பாகம் வெளியானது அவருடைய 57-வது பிறந்தநாளில். அந்தக் கதைக்குள்ளேயே ‘ஸ்டீபன் கிங்’ என்ற சோம்பேறி எழுத்தாளரை ஒரு பாத்திரமாக நுழைத்து, கதையை முடிக்காததற்காக அவரைத் திட்டவும் வைத்தார். அதே ஜூன் 19 விபத்தையும் கதைக்குள் கொண்டுவந்தார்.

எல்லாக் காத்திருப்பும் இப்படிச் சுபமாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000-ல் ‘தி பிளான்ட்’ என்ற நாவலை இணையத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். டீல் எளிமையானது. தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு ஒரு டாலர், நேர்மையாகக் கட்டுங்கள். 75 சதவீதம் பேர் கட்டினால் தொடரும், இல்லாவிட்டால் கடை மூடப்படும். பணம் கட்டுபவர்கள் குறைந்தார்கள். ஆறாவது பகுதியோடு டிசம்பரில் நிறுத்திவிட்டார். ஒழுங்காகப் பணம் கட்டிய வாசகர்களுக்கும் முடிவு கிடைக்கவில்லை.

‘ரிட்டயர்’ ஆகிறேன் என்றவர் எங்கே?

2002-ல் ஒரு பேட்டியில் இன்னும் சில புத்தகங்களோடு முடித்துக்கொள்ளப் போவதாக கிங் சொன்னார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. அதற்குப் பிறகு அவர் எழுதிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும்.

நடுவில் இன்னொரு முறை சாவு எட்டிப் பார்த்தது. 2003 நவம்பரில் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் தந்தபோது, நிமோனியாவோடேதான் மேடை ஏறினார். சில நாளில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வீடு திரும்பியபோது, டபிதா அவருடைய எழுத்து அறையைப் புதுப்பிப்பதற்காகக் காலி செய்து எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தார். ‘நான் செத்த பிறகு இந்த அறை இப்படித்தான் இருக்கும்’ என்று அவருக்குத் தோன்றியது. பயந்தாரா? பயந்திருக்கலாம். ஆனால் அதில் இருந்து ஒரு நாவலை எடுத்துவிட்டார். 2006-ல் வந்த ‘லிஸீஸ் ஸ்டோரி’, எழுத்தாளரான கணவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற காகிதங்களோடு தனியாக நிற்கும் மனைவியின் கதை.

2009-ல் இன்னொரு குசும்பு. அடுத்து எதை எழுதட்டும் என்று தன் இணையதளத்தில் வாசகர்களிடமே ஓட்டு கேட்டார். ‘தி ஷைனிங்’கின் தொடர்ச்சியா, புதிய ‘டார்க் டவர்’ கதையா? சுமார் 50 ஓட்டு வித்தியாசத்தில் ‘ஷைனிங்’ தொடர்ச்சி ஜெயித்தது. ஆனால் முதலில் வெளிவந்தது எது தெரியுமா? தோற்றுப்போன ‘டார்க் டவர்’ கதைதான், 2012-ல். ஜெயித்த ‘டாக்டர் ஸ்லீப்’ அடுத்த வருடம் வந்தது. ஓட்டு போட்டவர்கள் கோபப்படவில்லை. இரண்டுமே கிடைத்துவிட்டதே!

இவ்வளவு வேகமாக எழுதுவது எப்படி? 2016-ல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகத்தைப் படைத்த ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், ஒரே மேடையில் கிங்கிடம் கேட்ட கேள்வியே அதுதான். மார்ட்டினின் ரசிகர்கள் 2011-ல் இருந்து அடுத்த பாகத்துக்குக் காத்திருப்பவர்கள் என்பதால் அரங்கமே சிரித்தது. கிங்கின் பதில் ரொம்ப சிம்பிள். எழுதும் காலத்தில் தினமும் மூன்று, நான்கு மணி நேரம், ஆறு பக்கம்.

சோஷியல் மீடியாவில் அதே கிங்கா?

2013 டிசம்பரில் ட்விட்டருக்கு வந்தார். முதல் பதிவிலேயே தன்னைக் கலாய்த்துக்கொண்டுதான் நுழைந்தார். பிறகு மோலி என்ற கோர்கி நாய்தான் அங்கே ஹீரோயின். கிங் வைத்த பட்டப்பெயர் ‘தீய சக்தி’. குட்டைக் கால்களோடு சிரித்த முகமாக நிற்கும் அந்த நாய், உலகத்தை அழிக்கத் திட்டமிடுவதாக அவர் போடும் கேப்ஷன்களுக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

2022-ல் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி, ப்ளூ டிக்குக்கு மாதம் 20 டாலர் என்ற பேச்சு வந்தபோது, “எனக்கல்லவா அவர்கள் பணம் தர வேண்டும்” என்று கெட்ட வார்த்தையோடு எகிறினார். செலவைச் சமாளிக்க வேண்டுமே, 8 டாலர் என்றால் சரியா என்று மஸ்க்கே அவரிடம் பேரம் பேசினார். 2023 ஏப்ரலில் பணம் கட்டாதவர்களின் டிக் பறிபோனபோது, கிங்கின் டிக் அப்படியே இருந்தது. மஸ்க் கைக்காசு போட்டிருந்தார். அந்தப் பணத்தை உக்ரைனுக்கு உதவும் அமைப்புக்குக் கொடுங்கள் என்று கிங் திருப்பி அடித்தார். 2024 நவம்பரில் அங்கே நச்சு அதிகமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். 2025 பிப்ரவரியில் திரும்பி வந்தார்.

இங்கேதான் அந்த நக்கலின் இன்னொரு முகமும் தெரிந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில், உலகை அழிக்கும் வைரஸைப் பற்றிய தன் ‘தி ஸ்டாண்ட்’ நாவலோடு கொரோனாவை ஒப்பிட்டவர்களிடம், இது அந்த அளவுக்கு மோசமில்லை, பதறாதீர்கள் என்று சொன்னார். அடுத்த சில வாரங்களில் நிலைமை எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 செப்டம்பரில், அமெரிக்க வலதுசாரி செயற்பாட்டாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக கிங் பதிவிட்டார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. பதிவை நீக்கி, சரிபார்க்காமல் எழுதியது தன் தவறு என்று மன்னிப்பு கேட்டார்.

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். வேன், குடி, நிமோனியா, பாக்மன் என்று தன்னைப் பற்றிப் பேசும்போது கிங்குக்கு எல்லாத் தகவலும் தெரியும். ஆகவே அவர் சிரிப்பில் தப்பு நேர்வதில்லை. அதே வாய் அடுத்தவரை நோக்கி, அதே வேகத்தில், யோசிக்காமல் திரும்பியபோது சறுக்கியது. முன்னுரை எழுத வாரக்கணக்கில் நேரம் உண்டு. எடிட்டர் உண்டு. முதல் வாசகராக டபிதா உண்டு. ஒரு பதிவுக்கு இவை எதுவும் இல்லை.

இப்போது என்ன எழுதுகிறார்?

2024 மே மாதம் ‘யூ லைக் இட் டார்க்கர்’ வந்தது. 12 கதைகள். அதில் ‘ராட்டில்ஸ்னேக்ஸ்’ கதை, எழுதியதே ஞாபகம் இல்லை என்று அவர் சொன்ன அதே ‘கூஜோ’வின் தொடர்ச்சி. ‘தி ஆன்ஸர் மேன்’ கதையின் பின்னணி இன்னும் சுவாரசியம். 30 வயதில் சில பக்கம் எழுதி, எங்கோ போட்டுவிட்டு மறந்துபோனார். பல வருடம் கழித்து அவருடைய மருமகன் பழைய காகிதங்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்துக் கொடுத்து, முடிக்கச் சொன்னார். முடித்தபோது கிங்குக்கு வயது 75. இளைஞனாக ஆரம்பித்த கதையை ஒரு தாத்தா முடித்திருக்கிறார்.

2025 மே மாதம் ‘நெவர் ஃபிளிஞ்ச்’. கிங்கின் செல்லப் பாத்திரமான துப்பறியும் ஹோலி கிப்னி இதில், ஊர் ஊராகப் போய்ப் பேசும் ஒரு பெண்ணுரிமைச் செயற்பாட்டாளருக்குப் பாதுகாவலராகிறார். பின்தொடர்ந்து வரும் ஒரு வெறியரிடம் இருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும். பிரபலம், அவரைத் துரத்தும் ஆள்... 1991-ல் தன் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்த அனுபவம் உள்ள எழுத்தாளருக்கு இது வெறும் கற்பனை இல்லை.

இந்த நாவலின் பின்னுரைதான் லேட்டஸ்ட் ‘கிங் ஸ்டைல்’ அப்டேட். 2023-ல் இடுப்பில் அறுவை சிகிச்சை, அதன் வலியோடே எழுதினேன், முதல் வரைவைப் படித்த டபிதா இதைவிட நன்றாக எழுத உன்னால் முடியும் என்று சொல்லிவிட்டார், அதனால் திரும்ப உட்கார்ந்து திருத்தினேன் என்று போட்டு உடைத்திருக்கிறார். புதுப் புத்தகம் விற்க வேண்டிய நேரத்தில், என் முதல் வரைவு தேறவில்லை என்று எத்தனை பேர் அச்சிலேயே சொல்வார்கள்?

2025 செப்டம்பரில், மறைந்த ஓவியர் மாரிஸ் சென்டாக்கின் படங்களோடு ‘ஹான்ஸல் அண்ட் கிரெட்டல்’ கதையைத் தன் பாணியில் சொல்லும் சிறுவர் நூலும் வந்தது. அடுத்து, எழுத்தாளர் பீட்டர் ஸ்ட்ராபுடன் 1984-ல் ‘தி டாலிஸ்மேன்’, 2001-ல் ‘பிளாக் ஹவுஸ்’ என்று சேர்ந்து எழுதிய வரிசையின் மூன்றாவது பாகம். ஸ்ட்ராப் 2022-ல் இறந்துவிட்டார். நண்பர் விட்டுச்சென்ற யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு, கிங் தனியாக எழுத உட்கார்ந்தார்.

சரி, வாசகருக்கு என்னதான் கடன்?

கிங்கின் 50 வருடத்தைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. கேட்ட தேதியில் புத்தகம் தர அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. வாசகர் விரும்பிய முடிவைத் தரவும் ஒப்புக்கொண்டதில்லை, அதற்கு எதிராகத்தான் ‘மிஸரி’யே எழுதினார். ஓட்டெடுப்பு முடிவுப்படிகூட வரிசையாக எழுதவில்லை. ஆனால் ஏன் தாமதம், உடம்பு எப்படி, எங்கே சொதப்பினேன் என்ற நிலவரத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். காத்திருப்பவருக்குக் காத்திருப்பின் காரணமாவது தெரிய வேண்டும் அல்லவா?

‘டார்க் டவர்’ முடிந்தபோது அந்தப் பாட்டி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. கிங் அவரை மறக்கவில்லை. அந்த வரிசையின் புதிய பதிப்புக்கு 2003-ல் எழுதிய முன்னுரையில், பாட்டி, கைதி, கரடி மூவரையும் பதிவு செய்திருக்கிறார்.

எனவே, அடுத்த முறை ஒரு கிங் புத்தகம் கையில் கிடைத்தால், கதையைத் தொடங்கும் முன் முன்னுரை இருக்கிறதா என்று பாருங்கள். கதை முடிந்ததும் பின்னுரையைத் தவறவிடாதீர்கள். முதலிலேயே அதைப் புரட்டிவிடாதீர்கள், ஸ்பாய்லர் இருக்கும். 500 பக்கம் உங்களைப் பயமுறுத்தியவர், கடைசி நான்கு பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.